கரண்ட் போய் வந்த பிறகு தண்டர்பேர்டில் பழைய மெயிலைக் காணோம், காலண்டரும் அரை மணி தள்ளிக் காட்டுகிறது. அழித்துவிட்டுத் திரும்பப் போடலாமா?

வேண்டாம். தயவுசெய்து கையை வைக்காமல் இதை முழுக்கப் படித்துவிட்டு ஆரம்பியுங்கள்.

நீங்கள் எழுதியதிலிருந்து எனக்குப் புரிந்தது இது: ரங்கூனில் அலுவலகம், விண்டோஸ் கணினி, மெயிலுக்கும் காலண்டருக்கும் தண்டர்பேர்ட். வேலை நடுவில் கரண்ட் போனது. திரும்ப வந்ததும் இன்பாக்ஸில் பாதி மெயில் இல்லை. சென்னையிலிருந்து வரும் மீட்டிங் அழைப்புகள் அரை மணி நேரம் தாமதமாகக் காட்டுகின்றன. கடைக்காரர் ‘அன்இன்ஸ்டால் பண்ணித் திரும்பப் போட்டால் சரியாகிவிடும்’ என்கிறார்.

சரியாகாது. நிரல் இருப்பது ஓரிடம், உங்கள் மெயில் இருப்பது வேறிடம். மெயில், காலண்டர், பாஸ்வேர்டு எல்லாம் ‘ப்ரொஃபைல்’ என்ற தனி ஃபோல்டரில் இருக்கின்றன. நிரலை நீக்கினாலும் அந்த ஃபோல்டர் அப்படியே இருக்கும். புதிதாகப் போட்ட தண்டர்பேர்ட் அதே பழுதான ஃபோல்டரைத்தான் மறுபடி திறக்கும். அன்இன்ஸ்டால் பலிக்காமல் கடைக்காரர் விண்டோஸையே ஃபார்மேட் செய்யத் துணிந்தால்தான் உண்மையான ஆபத்து. உங்கள் கணக்கு பாப் முறையில், அதாவது மெயிலை உங்கள் கணினிக்கே இறக்கி வைத்துக்கொள்ளும் முறையில் இருந்தால், மெயில் சேவையின் சர்வரில் பிரதியே இல்லாமல் போகலாம்.

பயின்னவுங் சந்தைப் பக்கம் சில பருப்பு ஏற்றுமதி அலுவலகங்களின் கணினிகளை நான்தான் பார்த்துக்கொள்கிறேன். உளுந்து விலை பேசி முடித்தது, கப்பல் பத்திரம், வங்கிக் கடிதம் எல்லாம் அங்கே மெயிலில்தான் கிடக்கிறது. அதனால்தான் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன்.

முதல் வேலை, பிரதி எடுப்பது. ஹெல்ப் மெனுவில் ‘டிரபிள்ஷூட்டிங் இன்ஃபர்மேஷன்’ திறந்தால் ‘ப்ரொஃபைல் ஃபோல்டர்’ என்ற வரியும் அதன் பக்கத்தில் ஒரு பட்டனும் இருக்கும். அதை அழுத்தினால் அந்த ஃபோல்டர் திறக்கும். தண்டர்பேர்டை மூடிவிட்டு, ஃபோல்டரை முழுதாக வெளி டிஸ்க்கில் நகல் எடுங்கள். பழைய பென் டிரைவ் என்றால் கவனம்: ஃபேட்32 முறையில் ஃபார்மேட் ஆனவை 4 ஜிபிக்கு மேற்பட்ட ஒற்றை ஃபைலை ஏற்காது. பல வருட இன்பாக்ஸ் சுலபமாக அந்த அளவைத் தாண்டும்.

மூடியபின் மறுபடி திறக்கும்போது ‘ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கிறது, ஆனால் பதில் இல்லை’ என்று செய்தி வந்தால் பயப்பட வேண்டாம். டாஸ்க் மேனேஜரில் மிச்சமிருக்கும் தண்டர்பேர்டை நிறுத்துங்கள், போதும்.

இப்போது காணாமல் போன மெயில். தண்டர்பேர்ட் ஒரு ஃபோல்டரின் மெயில்களை வழக்கமாக ஒரே பெரிய ஃபைலில் எழுதி வைக்கிறது. அதன் பக்கத்தில் அதே பெயரோடு, எம்.எஸ்.எஃப் என்று முடியும் சின்ன ஃபைல் ஒன்று இருக்கும். பெரியது புத்தகம் என்றால் சின்னது அதன் பொருளடக்கம். எழுதும் நேரத்தில் கரண்ட் போனால் பெரும்பாலும் கெடுவது இந்தச் சின்ன ஃபைல்தான். பட்டியலில் மெயில் தெரியாது. ஆனால் பெரிய ஃபைலுக்குள் இருக்கும். இன்பாக்ஸ் மேல் வலது கிளிக் செய்து ‘ப்ராப்பர்டீஸ்’, அதில் ‘ரிப்பேர் ஃபோல்டர்’ அழுத்துங்கள். பட்டியல் புதிதாகத் தயாராகும்.

மெயிலைச் சர்வரிலேயே வைத்துக்கொண்டு பிரதியை மட்டும் இறக்கும் ஐமேப் கணக்காக இருந்தால் ஒரு எச்சரிக்கை: ரிப்பேர் செய்தால் சர்வரிலிருந்து எல்லாவற்றையும் திரும்ப இறக்கத் தொடங்கும். நம் ஊர் இணைய வேகத்துக்கும் டேட்டா விலைக்கும் அதைப் பகலில் செய்யாதீர்கள். ஆன்டிவைரஸையும் பாருங்கள். ஒரே ஒரு கெட்ட மெயிலுக்காக இன்பாக்ஸ் ஃபைல் முழுவதையும் தூக்கி குவாரன்டைனில், அதாவது தன் தனிப் பூட்டறையில் வைத்துவிடும் ஆன்டிவைரஸ்கள் உண்டு. பெரிய ஃபைலே காணவில்லை என்றால் முதலில் அங்கே தேடுங்கள்.

அப்புறம் அந்த அரை மணி. இதற்கும் கரண்ட்டுக்கும் நேரடித் தொடர்பு இருக்காது என்றே நினைக்கிறேன். பர்மா நேரம் உலகப் பொது நேரத்தைவிட ஆறரை மணி முந்தியது. இந்தியா ஐந்தரை, தாய்லாந்து ஏழு. அரை மணி பிசகுகிறது என்றாலே எனக்கு பாங்காக் ஞாபகம்தான் வரும். விண்டோஸ் போட்டவர் பாங்காக் நேர மண்டலத்தை விட்டுவிட்டு, மூலையில் இருக்கும் கடிகாரத்தை மட்டும் சுவர்க் கடிகாரத்துக்குப் பொருந்த கையால் திருப்பியிருப்பார். பார்ப்பதற்கு எல்லாம் சரியாகத் தெரியும். சென்னைக்காரர் காலை 10 மணிக்கு மீட்டிங் போட்டால் நமக்கு 11 மணி. உங்கள் கணினியோ பாங்காக் கணக்குப்படி 11.30 என்று காட்டும். ஒரு சோதனை: நீங்கள் அனுப்பும் மெயில் சென்னையில் அரை மணி முன்னதாக அனுப்பியதுபோலத் தெரிகிறதா என்று அவர்களிடம் கேளுங்கள். ஆமாம் என்றால் சந்தேகமே இல்லை.

கடிகாரத்தின் மேல் வலது கிளிக் செய்து நேர அமைப்புக்குப் போய், ஆறரை என்று போட்டிருக்கும் ‘யாங்கோன் (ரங்கூன்)’ மண்டலத்தைத் தேர்ந்தெடுங்கள். நேரத்தை இணையத்திலிருந்து தானாக எடுக்கச் சொல்லுங்கள். பிறகு தண்டர்பேர்ட் செட்டிங்ஸில் காலண்டர் பகுதியில் ‘ஏசியா/யாங்கோன்’ இருக்கிறதா என்று பாருங்கள். ஊரின் ஆங்கிலப் பெயரை அரசு 1989இல் மாற்றினாலும், கணினிகள் பயன்படுத்தும் நேர மண்டலத் தரவில் ‘ஏசியா/ரங்கூன்’ மாறியது 2016இல்தான். அதற்கு முந்தைய பழைய பதிப்புகளுக்குப் புதுப் பெயர் தெரியாது, அழைப்பின் நேரத்தைத் தப்பாகப் படிக்கலாம். பழைய பதிப்பு என்றால் புதுப்பித்துவிடுங்கள்.

மண்டலத்தைத் திருத்தினால் வெளியிலிருந்து வந்த அழைப்புகள் தானாகச் சரியாகும். அவற்றை ஒவ்வொன்றாக இழுத்து நகர்த்தாதீர்கள். நீங்களே கையால் எழுதிய குறிப்புகள் மட்டும் அரை மணி முன்னால் போய் நிற்கும். அவற்றைத்தான் திருத்த வேண்டும்.

காலண்டரே வெறுமையாக இருந்தால், ப்ரொஃபைலுக்குள் ‘காலண்டர்-டேட்டா’ ஃபோல்டரில் இரண்டு ஃபைல்கள் பாருங்கள். ‘கேஷ்’ என்று தொடங்குவது இணையக் காலண்டரின் தற்காலிகப் பிரதி. தண்டர்பேர்டை மூடிவிட்டு அதை நீக்கலாம், மறுபடி இறங்கும். ‘லோக்கல்’ என்று தொடங்குவதைத் தொடவே கூடாது. கணினியில் மட்டும் எழுதிய குறிப்புகள் எல்லாம் அதில்தான்.

கரண்ட் போகும் ஊரில் இன்னொரு கோளாறும் உண்டு. ஒரு அலுவலகத்தில் கணக்குப்பிள்ளை அண்ணனின் கணினியில் தினமும் காலையில் ‘சான்றிதழ் செல்லாது’ என்று செய்தி வந்து மெயில் இறங்காமல் நின்றது. சர்வர்மேல் குறை சொல்லிக்கொண்டிருந்தார்கள். மூலையில் தேதியைப் பார்த்தால் பல வருடம் பின்னால். மதர்போர்டில் 2032 என்று எழுதிய பட்டன் பேட்டரி செத்துப்போயிருந்தது, அதனால் கரண்ட் போகும்போதெல்லாம் கணினி தேதியை மறந்துவிடும். தேதி தப்பென்றால் பாதுகாப்புச் சான்றிதழும் செல்லாததாகத் தெரியும். வாட்ச் கடையில் கிடைக்கும் பேட்டரி மாற்றியதும் தீர்ந்தது.

தேதி சரியாகத்தான் இருக்கிறது, பாஸ்வேர்டை மட்டும் ஏற்கவில்லை என்றால் அது வேறு கதை. ஜிமெயிலின் சாதாரணக் கணக்குகளில், வெறும் பாஸ்வேர்டை இப்படிப்பட்ட நிரல்களில் கொடுத்து நுழையும் வழியை கூகுள் 2022 மே 30இல் மூடியது. சர்வர் செட்டிங்ஸில் நுழைவு முறையை ‘ஓஆத்2’ என்று மாற்றுங்கள், அனுப்பும் சர்வருக்கும் சேர்த்து. பிறகு கூகுளின் நுழைவு ஜன்னல் திறக்கும், பாஸ்வேர்டை அங்கே கொடுங்கள். தண்டர்பேர்டில் குக்கீகளை அனுமதிக்க வேண்டும், இல்லாவிட்டால் அந்த ஜன்னல் முடியாமல் நிற்கும்.

இவ்வளவுக்கும் மசியவில்லை என்றால் கன்ட்ரோல், ஷிஃப்ட், ஜே மூன்றையும் சேர்த்து அழுத்துங்கள். பிழைப் பட்டியல் திறக்கும். பழையதைத் துடைத்துவிட்டு, கோளாறு வரும் வேலையை ஒரு தடவை செய்யுங்கள். புதிதாக வரும் சிவப்பு வரியை அப்படியே பின்னூட்டத்தில் போடுங்கள். மெயில் முகவரி இருந்தால் நீக்கிவிடுங்கள். பதிப்பு எண்ணும், கணக்கு பாப்பா ஐமேப்பா என்பதும் சேர்த்து எழுதினால் மேற்கொண்டு சொல்கிறேன்.