வாசகர் கேள்வி: பியானோ முன்னால் ஒரு கொயர் மாஸ்டர்

கே: பாடகி அரீதா ஃபிராங்க்ளினின் 'அமேசிங் கிரேஸ்' படம் பார்த்தேன். பியானோவில் உட்கார்ந்தபடி இடையிடையே பேசிச் சபையைச் சிரிக்கவைக்கிற அந்தக் கனத்த மனிதர் யார்? பாதிப் படம் அவரையேதான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

ப: ரெவரெண்ட் ஜேம்ஸ் கிளீவ்லாண்ட். அமெரிக்கக் கருப்பின மக்களின் காஸ்பல் இசையில், அதாவது கிறிஸ்தவ பக்தி இசையில், கொயர் மாஸ்டர் (பாடகர் குழுவை நடத்துகிறவர்) என்றால் முதலில் நினைவுக்கு வருகிறவர். 1972 ஜனவரியில் லாஸ் ஏஞ்சலிஸின் ஒரு பாப்டிஸ்ட் ஆலயத்தில் இரண்டு இரவுகள் நடந்த பதிவு அது. படத்தில் வருகிற சதர்ன் கலிஃபோர்னியா கம்யூனிட்டி கொயரும் அவர் உருவாக்கியதுதான். அரீதா டெட்ராய்ட்டில் சிறுமியாக இருந்தபோது, அவருடைய அப்பாவின் சபையில் இசைப் பொறுப்பில் இருந்து, அரீதாவுக்கும் இசை சொல்லிக்கொடுத்தவர் இவர். தலைப்புப் பாட்டின்போது கவனித்தீர்களா? பழைய மாணவி பாடப் பாட வாத்தியாரால் தாங்க முடியவில்லை, முகத்தைப் பொத்திக்கொண்டு அழுகிறார். (கிளாப் போர்டு இல்லாமல் படம்பிடித்ததால் ஒலியையும் காட்சியையும் பொருத்த முடியாமல் போனது. அதற்குமேல் வழக்குகள் வேறு. 2018இல், அரீதா காலமான பிறகுதான் திரைக்கு வந்தது.)

கே: அவருக்கு யார் குரு?

ப: சிகாகோவில் பில்கிரிம் பாப்டிஸ்ட் சபை. அங்கே இசை இயக்குநர் தாமஸ் டார்சி, காஸ்பல் இசையின் தந்தை என்கிறார்கள். அதற்கு முன் ப்ளூஸ் என்கிற உலகியல் இசையின் பியானோக்காரர், ப்ளூஸ் பாடகி மா ரெய்னிக்கு வாசித்தவர். அந்தச் சாயலைக் கோயிலுக்குள் கொண்டுவந்ததற்காகப் பல சபைகளில் வசவு வாங்கினார். அவருடைய சபைக் கொயரில்தான் சின்னப் பையன் கிளீவ்லாண்ட் பாடினான். வீட்டில் பியானோ வாங்க வசதியில்லை. ஜன்னல் விளிம்பின் இடுக்குகளையே கருப்புக் கட்டை, வெள்ளைக் கட்டை என்று வைத்துக்கொண்டு ராத்திரி ராத்திரியாக விரல் பழகியிருக்கிறார். சத்தமே வராத பியானோ! அடுத்த கட்டை எப்படி ஒலிக்கும் என்று மனசுக்குள்ளேயே கேட்டுப் பழகிய ஆள் பின்னாளில் அத்தனை குரல்களை ஒன்றுசேர்த்தது எனக்கு ஆச்சரியமாகவே இல்லை.

கே: காஸ்பல் கொயரில் யார் கையிலும் நோட்டேஷன் தாள் இல்லையே, எப்படிக் கற்றுக்கொள்கிறார்கள்?

ப: பெரும்பாலும் காதால்தான். மாஸ்டர் ஒரு வரியைப் பாடுவார், சோப்ரானோக்காரர்கள் (பெண்களில் உச்சக்குரல்) திருப்பிப் பாடுவார்கள், பிடிபடும் வரைக்கும் விடமாட்டார், அப்புறம் ஆல்ட்டோ (பெண்களில் தாழ்ந்த குரல்), அப்புறம் டெனர் (ஆண்களில் உயர்ந்த குரல்), கடைசியில் மூன்றையும் சேர்ப்பார். பேஸ் (ஆண்களில் தாழ்ந்த குரல்) என்று நான்காவது பிரிவு பொதுவாகக் கிடையாது, ஆண்கள் எல்லோரும் டெனர்தான், கீழ்ஸ்தாயியை ஆர்கனும் பேஸ் கிடாரும் பார்த்துக்கொள்ளும். பாட்டின் முடிவில் ஒரே வரி திரும்பத் திரும்ப வருகிறதே, அங்கேதான் மாஸ்டரின் நிஜமான வேலை. எத்தனை தடவை என்று முன்கூட்டி முடிவெல்லாம் இல்லை. விரலை மேலே காட்டினால் ஒவ்வொரு பிரிவும் ஒரு படி ஏறும், டெனர் ஆல்ட்டோவின் சுரத்தைப் பிடிக்கும், ஆல்ட்டோ சோப்ரானோவின் சுரத்தை, சோப்ரானோ இன்னும் மேலே போகும். கையை மூடினால் கப்சிப். தாளைப் பார்த்துக்கொண்டிருந்தால் அந்தக் கையை யார் பார்ப்பது?

கே: அவர் குரல் கரகரவென்று இருக்கிறதே, இதையா இவ்வளவு கொண்டாடினார்கள்?

ப: கரகரப்புதான், அவரும் அதை மறைத்ததில்லை. பாதி பாட்டு, பாதி பேச்சு என்று அவர் போய்க்கொண்டிருக்க, இனிமையைக் கொயர் கொடுத்துவிடும். குரலைவிட அவர் விட்டுப்போனதில் பெரியது 1967இல் தொடங்கிய 'காஸ்பல் மியூசிக் ஒர்க்‌ஷாப் ஆஃப் அமெரிக்கா' என்பேன். ஆண்டுதோறும் பல ஊர்களிலிருந்து கொயர்க்காரர்கள் கூடிப் புதுப் பாட்டுகள் கற்று, தங்கள் சபைக்குப் போய்ச் சொல்லிக்கொடுப்பார்கள். 1991இல் அவர் போய்ச் சேர்ந்தார். ஒர்க்‌ஷாப் நிற்கவில்லை.

கே: எதிலிருந்து கேட்க ஆரம்பிக்கலாம்?

ப: 'பீஸ் பி ஸ்டில்' என்ற பாட்டு. 1963இல் நியூஜெர்சியில் ஏஞ்சலிக் கொயரோடு, சபையார் முன்னிலையிலேயே பதிவு செய்தது. 'பீஸ்' என்ற ஒற்றைச் சொல்லைக் கொயர் முதலில் எவ்வளவு அடக்கிப் பாடுகிறது, பிறகு எவ்வளவு திறந்து பாடுகிறது என்று கேளுங்கள். போன் ஸ்பீக்கர் வேண்டாம், சரியா?