ஊசி ஓடுவது 54 நிமிடம்

அன்புள்ள அக்கா,

செம்பூரில் இரண்டு படுக்கையறை வீடு. ஆறு வருடமாக வீட்டிலேயே குவில்ட் (மேல்துணி, நடுவே வாடிங் என்ற பஞ்சு அடுக்கு, அடித்துணி மூன்றையும் சேர்த்துத் தைக்கும் போர்வை) தைத்துக் கொடுக்கிறேன். பெரும்பாலும் அம்மாவின், பாட்டியின் பட்டுப்புடவைகளைக் கொண்டுவந்து போர்வையாக்கித் தரச் சொல்கிறார்கள். சாதாரண வீட்டு மெஷின்தான். 60×90 அங்குலப் போர்வைக்கு 1,400 ரூபாய் வாங்குகிறேன். துணி அவர்களுடையது, வாடிங்குக்குத் தனிக் காசு. அடித்துணியில் சுருக்கம் விழுகிறது. கோடுகள் குறுக்கே சந்திக்கும் இடங்களில் மேல்துணியிலும். பழைய பட்டு ஒரே வருடத்தில் கிழிந்துவிட்டது என்று இரண்டு பேர் திரும்பக் கொண்டுவந்தார்கள். ஆர்டர் சேர்ந்துகொண்டே போகிறது, வேகம் போதவில்லை. கடன் வாங்கி, போர்வையைப் பெரிய சட்டத்தில் மாட்டித் தைக்கும் லாங் ஆர்ம் மெஷின் வாங்கிவிடலாமா? வீட்டுக்காரர் "இதில் உனக்கு என்ன மிஞ்சுகிறது" என்று கேட்கிறார். பதில் சொல்லத் தெரியவில்லை.

ச., செம்பூர், மும்பை

அன்புள்ள ச.,

உங்கள் வீட்டுக்காரர் கேட்டதிலிருந்தே தொடங்குகிறேன். மெஷின் வாங்குவதா வேண்டாமா என்பதும் அதற்குள்தான் இருக்கிறது.

60×90 போர்வையில் 2 அங்குலக் கட்டம் அடிப்பதாக வைத்துக்கொள்வோம். நீளவாக்கில் 30 கோடு, ஒவ்வொன்றும் 90 அங்குலம். குறுக்கே 45 கோடு, ஒவ்வொன்றும் 60 அங்குலம். மொத்தம் 5,400 அங்குலம், அதாவது 450 அடித் தையல். அங்குலத்துக்கு 8 தையல் என்றால் 43,200 தையல். நிமிடத்துக்கு 800 தையல் ஓட்டினால் ஊசி ஓடும் நேரம் 54 நிமிடம். அவ்வளவுதான்.

மீதி நேரம் எங்கே போகிறது? அடித்துணியை இணைத்து இஸ்திரி போட முக்கால் மணி. தரையில் விரித்து மூன்று அடுக்கையும் சேர்த்து ஊக்குக் குத்த ஒன்றரை மணி. கோடு போட ஒரு மணி. அந்த 54 நிமிடத் தையலை உட்கார்ந்து முடிக்க, திருப்புவதும் சுருட்டுவதும் பாபின் மாற்றுவதும் சேர்த்து, மூன்றரை மணி. நூல் முனைகளை உள்ளே இழுத்து ஓரம் வெட்ட அரை மணி. ஓரப்பட்டி வைக்க இரண்டு மணி. ஒன்பதே கால் மணி நேரம் ஆயிற்று. மணிக்கு 150 ரூபாய் என்று வைத்தாலே 1,387 ரூபாய். மேல்துணியின் துண்டுகளை வெட்டி இணைத்த உழைப்பு, நூல், கரண்டு எல்லாம் உங்கள் 1,400-இல் இலவசமாகப் போகின்றன. இதுதான் வீட்டுக்காரருக்கான பதில். கசப்பாக இருந்தாலும் சொல்லிவிடுங்கள்.

வேகமான மெஷின் இதில் எதைக் குறைக்கும்? அந்த 54 நிமிடத்தில் பாதியை. லாங் ஆர்மின் உண்மையான லாபம் வேகமே இல்லை, சட்டம். மூன்று அடுக்கையும் தனித்தனி உருளைகளில் மாட்டிவிடுவதால் ஊக்குக் குத்தும் வேலை மிச்சம், கழுத்து வலியும் மிச்சம். ஆனால் உங்கள் வாடிக்கையாளர்கள் கேட்பது கட்டம். சட்டத்தில் ஒரு நேரத்தில் கைக்கெட்டும் பட்டை அளவுதான் விரிந்திருக்கும். மேலிருந்து கீழ் வரை ஒரே நீள நேர்க்கோடு போட வேண்டுமானால் உருட்டி உருட்டி, ஸ்கேல் பிடித்து, விட்ட இடத்தில் சரியாகத் தொடர வேண்டும். அதற்குச் சாதாரண மெஷினும், மேல்துணியையும் சேர்த்து நகர்த்தும் அழுத்துபாதமான வாக்கிங் ஃபுட்டுமே மேல். வளைந்து ஓடும் ஒரே டிசைனை ஓரத்திலிருந்து ஓரம் வரை நிரப்புவதில்தான் லாங் ஆர்ம் ராஜா. இடமும் பாருங்கள். 10 அடிச் சட்டத்துக்கு இரு முனையிலும் ஆள் நுழைய 2 அடி விட்டால் 14 அடி நீளம் வேண்டும்; முன்னால் நிற்கவும் பின்னால் போகவும் தனி இடம். செம்பூரில் அந்த அளவு அறையைத் தறிக்கூடமாக்கிவிட்டு எங்கே படுப்பீர்கள்?

அதனால் இப்போதைக்குக் கடன் வேண்டாம். மற்றவர்கள் மேல்துணியை இணைத்துக் கொண்டுவந்து "தையல் மட்டும் போட்டுக் கொடுங்கள்" என்று கேட்கும் ஆர்டர், அதுவும் வளைவு டிசைனுக்கு, மாதம் தவறாமல் வர ஆரம்பித்தால் அப்போது யோசிக்கலாம். அதற்கு முன் வாங்க வேண்டியவை இரண்டு. ஒன்று, மெஷினின் இடது பக்கமும் பின்பக்கமும் ஊசித்தட்டின் மட்டத்துக்கே நிற்கும் மேசை. 200 ஜிஎஸ்எம் (சதுர மீட்டருக்கு 200 கிராம்) வாடிங் போட்ட 60×90 போர்வை ஏறக்குறைய ஒன்றரைக் கிலோ, டபுள் காட் அளவு இரண்டரைக் கிலோ. அந்தக் கனம் மேசை விளிம்பில் தொங்கினால் துணியைப் பின்னுக்கு இழுக்கும். ஒரே கோட்டில் தையல் நீளம் 2 மில்லிமீட்டரும் 4 மில்லிமீட்டருமாக மாறும். பலர் இதை மெஷின் கோளாறு என்று நினைத்து மெக்கானிக்கைக் கூப்பிடுகிறார்கள். இரண்டு, துண்டு இணைக்க ஒரு பழைய நேர்த்தையல் மெஷின். நூலும் ஃபுட்டும் மாற்றி மாற்றி மாட்டும் நேரம் போகாது. பவர் மெஷினாக வாங்கினால் சர்வோ மோட்டார் போட்டதா என்று கேளுங்கள். கிளட்ச் மோட்டார் நீங்கள் மிதிக்காதபோதும் ஓடி இரைந்துகொண்டே இருக்கும், கீழ் வீட்டுக்காரர் சொசைட்டியில் கடிதம் கொடுப்பார். கால்களுக்கு அடியில் தடித்த ரப்பர் வையுங்கள்.

இனி சுருக்கம். நீங்கள் சொல்வது இரண்டு வேறு கோளாறு.

அடியில் விழுவது விரிக்கும்போதே வருவது. அடித்துணியை உட்பக்கம் மேலே பார்க்க விரித்து, நான்கு பக்கமும் மாஸ்கிங் டேப்பால் தரையோடு ஒட்டுங்கள். முதலில் எதிரெதிர்ப் பக்கங்களின் நடு, பிறகு மூலைகள். கையால் தடவினால் அலை எழக்கூடாது. அதே சமயம் இழுத்து நீட்டவும் கூடாது. நீட்டி ஒட்டினால் டேப்பை எடுத்ததும் துணி பழைய அளவுக்குத் திரும்பும், மேலே உள்ள இரண்டும் உப்பும். அதன் மேல் வாடிங், அதன் மேல் மேல்துணி. ஊக்கு நடுவிலிருந்து வெளியே, 4 அங்குலத்துக்கு ஒன்று. உங்கள் அளவுக்கு 340 ஊக்கு ஆகும். 100 ஊக்கில் சமாளிப்பவர்களுக்குத்தான் அடியில் மடிப்பு விழுகிறது.

மேலே குறுக்குச் சந்திப்பில் விழுவது ஃபுட்டால் வருவது. மெஷினின் பல் அடித்துணியை மட்டும்தான் நகர்த்துகிறது. மேல்துணி ஃபுட்டில் உரசிப் பின்தங்கி, அடுத்த கோடு வரும்போது அந்த மிச்சம் மடிப்பாக நிற்கிறது. வாக்கிங் ஃபுட் மேலிருந்தும் நகர்த்தும். மாட்டும்போது அதன் கவை போன்ற கை, ஊசி திருகின் மேல் உட்கார வேண்டும். கீழே விட்டுவிட்டால் கடகடவென்று சத்தம் மட்டும் வரும், வேலை நடக்காது. உங்கள் மெஷினில் ஃபுட் மாட்டும் தண்டு குட்டையா (லோ ஷேங்க்) நெட்டையா (ஹை ஷேங்க்) என்று பார்த்து வாங்குங்கள். முதலில் நடுவில் ஒரு நெடுக்கு, ஒரு குறுக்கு. பிறகு நடுவிலிருந்து வெளியே. பக்கத்துப் பக்கத்துக் கோடுகளை ஒரே திசையில் அடியுங்கள். ஒன்று மேலிருந்து, அடுத்தது கீழிருந்து என்று போனால் கட்டங்களுக்குள் சாய்வாக அலை விழும்.

அடியில் நூல் கூடு கட்டினால் பாபினைத் திருகாதீர்கள். பெரும்பாலும் மேல்நூல் டென்ஷன் தட்டுகளுக்குள் போகாததுதான் காரணம். ஃபுட்டைத் தூக்கி வைத்துக்கொண்டு நூல் கோத்தால் தட்டுகள் திறந்திருக்கும், நூல் உள்ளே இறங்கும். 450 அடி ஓட்டத்துக்கு மேலும் கீழுமாக 400 மீட்டர் வரை நூல் போகும். தொடங்கும் முன்பே ஆறு பாபின் சுற்றி வையுங்கள்.

அளவு ஒன்று. அடித்துணி நான்கு பக்கமும் 4 அங்குலம் கூட வேண்டும், ஆக 68×98. மங்கள்தாஸ் மார்க்கெட்டில் 44 அங்குல அகலக் கேம்பிரிக் எடுத்தால் 98 அங்குல நீளத்தில் இரண்டு, 5 மீட்டர். நனைத்தால் சுருங்குவதையும் சேர்த்து ஐந்தே கால். ஓரக்கரையை வெட்டிவிட்டு இணையுங்கள். அது நெருக்கி நெய்தது, துவைத்தபின் தனியாகச் சுருங்கி நடுவில் வரப்புப் போல நிற்கும். 108 அங்குல ஷீட்டிங் கிடைத்தால் 1.9 மீட்டர் போதும், இணைப்பே இல்லை. ஓரப்பட்டிக்குச் சுற்றளவு 300, மூலைக்கும் இணைப்புக்கும் 12 சேர்த்து 312 அங்குலம். இரண்டரை அங்குலப் பட்டி எட்டு, அதாவது 20 அங்குலத் துணி. நேர் ஓரத்துக்குக் கிராஸ் துணி (சாய்வாக வெட்டியது) தேவையில்லை. அது வளைவுக்கு மட்டும்.

பட்டுக்கு வருகிறேன். புடவை வருடக்கணக்காக ஒரே மடிப்பில் பீரோவில் இருந்திருக்கும். அந்த மடிப்பில் இழை முறிந்திருக்கும், ஆனால் கண்ணுக்குத் தெரியாது. வாங்கும்போதே ஜன்னல் வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பாருங்கள். மடிப்பு ஓரமாக இரண்டு கட்டைவிரலால் மெல்ல இழுங்கள். சர்ரென்று விட்டால் அந்தப் பகுதி போர்வைக்கு ஆகாது. கண்ணாடிச் சட்டத்துக்குத்தான் ஆகும். வாடிக்கையாளர் முன்னாலேயே இதைச் செய்து, போட்டோ எடுத்து, சீட்டில் எழுதுங்கள். பிறகு "நீங்கள்தான் கிழித்தீர்கள்" என்ற பேச்சு வராது.

தேறிய பட்டுக்குப் பின்னால் மெல்லிய துணி ஃப்யூசிங் (இஸ்திரிச் சூட்டில் ஒட்டும் உள்துணி) ஒட்டுங்கள். காகிதம் போன்ற வகை வேண்டாம், மடமடக்கும். மேலே ஒரு மல் துணி வைத்து, பட்டு அளவுச் சூட்டில், தேய்க்காமல் அழுத்தி எடுங்கள். ஊசி 75/11, தையல் நீளம் 3 மில்லிமீட்டர். 2 மில்லிமீட்டரில் அடித்தால் தபால்தலை ஓரம் மாதிரி வரிசையாகத் துளை விழும், துணி அங்கேயே பிய்யும். ஒரே வருடத்தில் கிழிந்த இரண்டு போர்வைகளையும் எடுத்துப் பாருங்கள். தையலை ஒட்டிக் கிழிந்திருந்தால் இதுதான் காரணம், மடிப்பில் கிழிந்திருந்தால் முன்னே சொன்னது. ஜரிகைக் கரையை இணைப்புக்குள் விடாதீர்கள். நூலை அறுக்கும், ஊசி முனையை மழுக்கும். கரை வேண்டும் என்றால் முழு அகலமாகத் தனிப் பட்டியாக வைத்து, ஜரிகைக்கு வெளியே தையுங்கள். பட்டுக்குப் பருத்தி வாடிங் வேண்டாம். அது துவைத்தால் சுருங்கிப் பட்டுத் துணியையும் இழுக்கும். 100 ஜிஎஸ்எம் பாலியெஸ்டர் போதும், மும்பையில் போர்வை ஏசி அறைக்குத்தானே. பஞ்சு அடிப்பவரிடம் வாங்கும் உதிரிப் பஞ்சு கூடவே கூடாது, ஓரிடத்தில் குவியும். சுங்குடி சேர்ந்தால் ஈர வெள்ளைத் துணியை மேலே வைத்து இஸ்திரி போட்டுச் சாயம் பாருங்கள்.

ஜூன் முதல் செப்டம்பர் வரை வாடிங்கை பாலிதீனில் கட்டி வைக்காதீர்கள். உள்ளே மாட்டிய ஈரம் பூஞ்சையாகும். பழைய பருத்திப் புடவையில் சுற்றித் தரைக்கு மேலே வையுங்கள். நீராவி இஸ்திரி போட்ட போர்வையை ஓர் இரவு மின்விசிறிக்கு அடியில் விரித்துவிட்டு மறுநாள் பொதியுங்கள். மழை நாளில் மெஷினை மூடும் முன் ஊசியைக் கழற்றிவிடுங்கள், துருப்பிடித்த ஊசி பட்டில் ஒரு கறுப்புப் புள்ளி வைத்தால் போகாது.

விலை சொல்ல ஒரு வழி. சதுர அடிக்கு இவ்வளவு என்று ஒரே விலை வைக்காதீர்கள். 2 அங்குலக் கட்டத்தில் ஒரு சதுர அங்குலத்துக்கு ஓர் அங்குலத் தையல் விழுகிறது, 1 அங்குலக் கட்டத்தில் இரண்டு. அதே போர்வை, இரண்டு மடங்கு ஓட்டம். 3 அங்குலம், 2 அங்குலம், 1 அங்குலம் என்று மூன்று மாதிரித் துண்டு தைத்து, ஒவ்வொன்றுக்கும் தனி விலை எழுதிக் காட்டுங்கள். துண்டு இணைப்பு, ஃப்யூசிங், ஓரப்பட்டி ஆகியவற்றுக்குத் தனி வரி. பாதித் தொகை முன்பணம். மிஞ்சிய துண்டுகளை, கரைத் துணுக்கு உட்பட, பையில் போட்டுத் திருப்பிக் கொடுங்கள். பாட்டி புடவை கொடுத்தவர் அதைத்தான் முதலில் தேடுவார்.

கையால் தைத்த கோதடியை (மராட்டியப் பழந்துணிப் போர்வை) பார்த்து வளர்ந்த ஊர் இது. "மெஷின்தானே, குறைத்துக்கொள்ளுங்கள்" என்பார்கள். மெஷினில் தைத்த குவில்ட் ஒன்று 1989-இல் அமெரிக்காவின் படூகா நகரில் நடந்த பெரிய குவில்ட் போட்டியில் முதல் பரிசு வாங்கியபோது அங்கேயும் இதே சண்டைதான். வாதாட வேண்டாம். மாதிரித் துண்டைக் கையில் கொடுத்துப் பின்பக்கத்தைப் பார்க்கச் சொல்லுங்கள்.

சிறுதொழில்களுக்கான மத்திய அரசின் உத்யம் பதிவு இலவசம், காசு கேட்டால் கொடுக்காதீர்கள். வாடிக்கையாளர் துணியில் தைத்துக் கொடுப்பது சேவை. ஜிஎஸ்டிக்கு வருட வரவு 20 லட்சம் வரை பதிவு கட்டாயமில்லை. உங்கள் துணியில் தைத்து மகாராஷ்டிராவுக்குள் விற்பதை மட்டுமே செய்தால் 40 லட்சம். வெளி மாநிலத்துக்கு விற்கத் தொடங்கும் முன் ஒரு கணக்காளரைக் கேட்டுவிடுங்கள், அங்கே விதி வேறு.

கடைசியாக ஒன்று, வளைகாப்புக்கு என்று குழந்தைப் போர்வை கேட்டு வருவார்கள் என்பதால். ஊக்குகளை எண்ணி டப்பாவில் வையுங்கள். 340 குத்தினால் 340 திரும்ப வர வேண்டும். ஊசி உடைந்தால் எல்லாத் துண்டும் கிடைக்கும் வரை காந்தத்தை ஓட்டுங்கள். துண்டுகளை ஒரு நோட்டில் டேப் போட்டு ஒட்டித் தேதி எழுதுங்கள், கார்மென்ட் ஃபேக்டரிகளில் செய்வது போலவே. ஒரு துண்டு கிடைக்கவில்லை என்றால் அந்தப் போர்வையைக் கொடுக்க வேண்டாம்.

சுருக்கம் விழுந்த அடித்துணியின் படத்தை அனுப்புங்கள். பக்கத்தில் ஒரு ஸ்கேல் வைத்து, விளக்கைச் சாய்வாக அடித்து எடுத்தால் எந்தக் கோட்டில் தொடங்கியது என்று தெரியும்.