‘ரீஇன்ஸ்டேட்’ என்பது வெறுமனே ‘திரும்ப வேலை’ இல்லை

ஒரு வாசகர் கேட்கிறார்: “மில்லில் பதினோரு வருஷம் வேலை பார்த்த அப்பாவை நீக்கிவிட்டார்கள். நிர்வாகத்துக்கு ஆங்கிலத்தில் மனு எழுதுகிறேன். ‘ரீஇன்ஸ்டேட்’ என்று எழுதச் சொல்கிறார் நண்பர். ‘ரீஅப்பாயின்ட்’ என்றாலும் அதே அர்த்தம்தானே?”

இல்லை. உங்கள் நண்பர் சொல்வதுதான் சரி.

‘இன்ஸ்டேட்’ என்றால் ஒருவரை ஒரு பதவியில் அமர்த்துவது. முன்னால் ‘ரீ’ சேர்ந்தால், எழுப்பிவிட்ட அதே நாற்காலியில் திரும்ப உட்கார வைப்பது. ‘ரீஅப்பாயின்ட்’ புதிய நியமனம். அந்தச் சொல்லை எழுதினால், பழைய பதினோரு வருஷத்தை விட்டுவிட்டு இன்றிலிருந்து கணக்குத் தொடங்கச் சம்மதிப்பதாக எதிர்த்தரப்பு வாதிட இடம் கிடைக்கும். கிராஜுவிட்டியிலிருந்து சீனியாரிட்டி வரை எல்லாம் அந்த வருஷங்களில்தானே இருக்கிறது!

எல்லோருக்கும் தெரிந்த ஓர் உதாரணம். 2023 மார்ச்சில், அவதூறு வழக்கில் தண்டனை பெற்றதால் ராகுல் காந்தி மக்களவை உறுப்பினர் பதவியை இழந்தார். ஆகஸ்ட் 4 அன்று உச்ச நீதிமன்றம் அவருடைய தண்டனைத் தீர்ப்பை நிறுத்திவைத்தது, 7ஆம் தேதி பதவி திரும்பக் கிடைத்தது. இடைத்தேர்தல் நடக்கவில்லை, அதே வயநாடு உறுப்பினராகவே அவைக்குள் போனார். இதுதான் ‘ரீஇன்ஸ்டேட்’. தேர்தலில் நின்று ஜெயித்து வந்திருந்தால் அது ‘ரீஎலக்ட்’.

அப்புறம், வாக்கிய அமைப்பு. வேலை விஷயத்தில் இந்த வினைச்சொல்லுக்குப் பிறகு ஆளைச் சொல்லுங்கள். ‘ரீஇன்ஸ்டேட் மை ஃபாதர் இன் சர்வீஸ்’ என்பது இயல்பான நடை. பதவிப் பெயரைச் சொல்வதானால் ‘ஆஸ்’ போட்டு, ‘ஆஸ் சூப்பர்வைசர்’ என்று எழுதலாம். ‘ரீஇன்ஸ்டேட் அகெய்ன்’, ‘ரீஇன்ஸ்டேட் பேக்’ இரண்டும் வேண்டாம், ‘மீண்டும்’ என்பது சொல்லுக்குள்ளேயே இருக்கிறது. விதி, திட்டம், சலுகை போன்றவற்றை மறுபடி நடைமுறைக்குக் கொண்டுவருவதற்கும் இதே சொல் வரும். தீ விபத்துக் காப்பீட்டில் ‘ரீஇன்ஸ்டேட்மென்ட் வேல்யூ’ என்று பார்த்தால் குழம்ப வேண்டாம். எரிந்ததைப் புதிதாகக் கட்ட அல்லது வாங்க ஆகும் செலவு அது.

இனி முக்கியமான விஷயம். ‘ரீஇன்ஸ்டேட்’ என்று மட்டும் எழுதி நிறுத்திவிடாதீர்கள். தொழிலாளர் வழக்குகளில் இதோடு இன்னும் இரண்டு சொற்கள் சேர்ந்தே வரும்: பணித்தொடர்ச்சிக்கு ‘கன்டினியூட்டி ஆஃப் சர்வீஸ்’, வேலையில்லாமல் இருந்த நாட்களின் சம்பளத்துக்கு ‘பேக் வேஜஸ்’. மூன்றையும் தனித்தனியாகக் கேளுங்கள். வேலையைத் திரும்பக் கொடுத்துவிட்டு, இடைப்பட்ட சம்பளத்தைப் பாதியாகக் குறைத்த தீர்ப்புகளும் உண்டு, முழுவதும் மறுத்தவையும் உண்டு. தவறாக நீக்கப்பட்டவருக்கு வேலையோடு இடைக்காலச் சம்பளமும் கிடைப்பதே பொதுவான விதி என்று 2013இல் ஓர் ஆசிரியை வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. ஆனால் அந்த நாட்களில் வேறு வருமானம் இல்லை, அல்லது குறைந்த சம்பளத்தில்தான் வேலை பார்த்தேன் என்று தொழிலாளி சொல்லியிருக்க வேண்டும் என்றும் அதே தீர்ப்பு கூறுகிறது. அப்பாவின் நிலை அதுவானால், அந்த ஒரு வரியை மனுவிலேயே எழுதிவிடுங்கள். அனுப்பும் முன் தொழிலாளர் வழக்கு பார்க்கும் வழக்கறிஞர் ஒருவரிடம் காட்டுங்கள். தபாலில் அனுப்பினால் அந்த ரசீதைப் பத்திரமாக வையுங்கள்.