மண் நகை செய்யத் தெரியும், இணையத்தில் எப்படி விற்பது?

அம்பாசமுத்திரத்திலிருந்து கேட்டிருக்கிறீர்கள்: பொழுதுபோக்காகச் செய்யும் டெரகோட்டா நகைகளை ஆன்லைனில் விற்க எங்கே தொடங்குவது என்று.

விலையில் தொடங்குங்கள். களிமண், பெயின்ட், கொக்கி மட்டும் செலவல்ல. உங்கள் கைக்கூலி, சுடும்போது விரிசல் விட்ட உருப்படிகள், டப்பா, கூரியர் எல்லாம் ஜிமிக்கியின் விலையில் ஏற வேண்டும். "மண்ணுக்கா இவ்வளவு?" என்பார்கள் சொந்தக்காரர்கள். அவர்கள் உங்கள் வாடிக்கையாளர்கள் இல்லை, விடுங்கள். மண்ணின் பதம், சுடும் பக்குவம் பற்றிச் சந்தேகம் வந்தால் காருகுறிச்சி மண்பாண்டத் தொழிலாளர்களிடம் கேட்கலாம்.

தொடக்கத்துக்கு இன்ஸ்டாகிராமும் வாட்ஸ்அப் பிசினஸும் போதும். காதில் மாட்டிப் படம் எடுங்கள், அப்போதுதான் அளவு தெரியும்.

அப்புறம் வரி. தமிழ்நாட்டுக்குள் மட்டும் பொருள் விற்றால், ஆண்டு விற்பனை 40 லட்சம் ரூபாயைத் தாண்டும்வரை பொதுவாக ஜிஎஸ்டி பதிவு தேவையில்லை. சிறுதொழிலுக்கான உத்யம் பதிவு அரசுத் தளத்தில் இலவசம். பணம் கேட்கும் தளங்கள் பக்கம் போகாதீர்கள்.