கதிரையில் இருக்கிறவளுக்கு என்ன களைப்பு?

வாசகர் கேள்வி பதில்

வழமையாக இந்தப் பக்கத்தில் பதில் சொல்கிற ஐயா கண்ணுக்கு லென்ஸ் வைக்கப் போயிருக்கிறார். அவர் வரும் வரைக்கும் கடிதக் கட்டை என்னிடம் தள்ளிவிட்டார்கள். எனக்கு வயது 27, மட்டக்களப்புக் கல்லடியில் அம்மா அப்பாவோடு இருக்கிறேன், ஐயாவின் அனுபவமெல்லாம் என்னிடம் எதிர்பார்க்க வேண்டாம். வேலை, போன், சொகுசு என்று வந்த கடிதங்களை மட்டும் எடுத்துக்கொண்டேன். காணிப் பிரச்சினையும் கலியாணப் பிரச்சினையும் ஐயாவுக்கே.

கேள்வி: என் மகள் வீட்டில் இருந்தபடியே லண்டன் கம்பனி ஒன்றுக்குக் கணக்கு வேலை செய்கிறாள். ஃபேனுக்குக் கீழே கதிரையில் இருந்துகொண்டு "களைப்பாக இருக்கு அப்பா" என்கிறாள். நாங்கள் வயல் வட்டைக்குள் வெயிலில் நின்று வளர்ந்தவர்கள். இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்குச் சொகுசு கூடிப்போய்விட்டதா?
வாசகர், கொக்கட்டிச்சோலை

பதில்: ஐயா, கடிதத்தைப் படித்ததும் எங்கள் அப்பாதான் பெயர் மாற்றி எழுதிவிட்டாரோ என்று நினைத்தேன். நானும் உங்கள் மகள் செய்கிற அதே மாதிரி வேலைதான் செய்கிறேன்.

சொகுசு கூடித்தான் இருக்கிறது, அதில் என்ன ஒளிப்பு? கச்சான் காற்று அடிக்கிற மாதங்களில் ஃபேன் இல்லாமல் எங்கள் வீட்டில் மனிதனும் இருக்க ஏலாது, லேப்டாப்பும் இருக்க ஏலாது. எங்கள் அம்மம்மா குடம் சுமந்த தூரத்தை நான் சுமக்கவில்லை. அதற்காக வெட்கப்படச் சொன்னால் படமாட்டேன். அவ சுமந்ததே நாங்கள் சுமக்கக் கூடாது என்றுதான்.

ஆனால் கணக்கு ஒன்று பாருங்கள். மார்கழியில் லண்டனில் காலை 9 மணி என்றால் எங்களுக்குப் பிற்பகல் 2.30. அவர்கள் பின்னேரம் 5 மணிக்குக் கந்தோரைப் பூட்டும்போது எங்களுக்கு இரவு 10.30. கோடையில் அவர்கள் மணிக்கூட்டை ஒரு மணித்தியாலம் முன்னுக்குத் தள்ளுவார்கள், அப்போது 9.30க்கு முடியும், அந்த மாதங்கள்தான் எங்களுக்குத் தீபாவளி. மற்ற நாட்களில் கோயில் மணி அடிக்கிற நேரம், பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் வாசலில் விளையாடுகிற நேரம், வீட்டில் எல்லோரும் கூடியிருந்து சாப்பிடுகிற நேரம், எல்லாம் உங்கள் மகள் கதவைச் சாத்திக்கொண்டு யாரோ ஒருவரின் வற் வரிக் கணக்கைச் சரிபார்க்கிற நேரம்.

நீங்களும் நித்திரை முழித்தவர்தான், மறுக்கவில்லை. வேளாண்மைக் காவலுக்கு வாடியில் கிடந்து இரவிரவாக யானைக்குச் சத்தம் போட்டிருப்பீர்கள். யானை பயிருக்குள் இறங்கினால் அந்தப் போகமே போச்சு, எனக்கு அந்தப் பயம் இல்லை. என்றாலும் வெட்டிச் சூடடித்து நெல்லை மூட்டை கட்டினால் அதோடு உங்களுக்குக் காவல் முடிந்தது, அடுத்த போகம் வரைக்கும் அந்த வாடிக்கு நீங்கள் போகத் தேவையில்லை. எங்கள் யானை வேறு சாதி. இரவு 11.40க்கு "ஒரு சின்ன விஷயம்தான்" என்று போனில் வரும். பதில் போட்டுவிட்டுப் படுத்தால் உடம்பு களைக்கவில்லை, அதனால் நித்திரை வராது. தலைக்குள் மட்டும் மில் ஓடிக்கொண்டிருக்கும். வெயிலில் நின்றவருக்குப் பாயைக் கண்டதும் கண் சொருகும், அந்த வரம் எங்களுக்கு இல்லை.

ஒன்று கேட்கிறேன், கோபிக்க வேண்டாம். மகள் வேலை முடித்து வரும்போது சோற்றை மூடி வைத்துவிட்டு முழித்திருக்கிற ஆள் நீங்களா, அவளுடைய அம்மாவா?

கேள்வி: போனைத் திறந்தால் "அடிமை வேலையை விடு, சொந்தமாகத் தொடங்கு" என்று ஒரே வீடியோவாக வருகிறது. நான் ஒரு கடையில் கணக்கெழுதுகிறேன், சம்பளம் 50,000. விட்டுவிடலாமா அக்கா?
வாசகர், சாய்ந்தமருது

பதில்: தம்பி, அந்த வீடியோ ஏன் உங்களுக்கு மட்டும் மழை மாதிரிக் கொட்டுகிறது என்று யோசித்தீர்களா? என்றைக்கோ முதலாளி ஏசிய அன்றைக்கு அப்படி ஒன்றை முழுதாகப் பார்த்திருப்பீர்கள். எதில் விரல் நிற்கிறதோ அதையே திருப்பித் திருப்பித் தருவதுதான் அந்த ஆப்களின் வேலை. சொல்கிற ஆளைப் பாருங்கள், அவருக்கு வீடியோ போடுவதே தொழில், நீங்கள் பார்க்கப் பார்க்க அவருக்குக் காசு. நீங்கள் வேலையை விட்டாலும் விடாவிட்டாலும் அவருக்கு ஒன்றுதான்.

விடுவதற்கு முதல் சம்பளத் துண்டை எடுத்துப் பாருங்கள். ஊழியர் சேமலாப நிதிக்கு உங்களிடமிருந்து 8 வீதம், அதாவது 4,000 ரூபா வெட்ட வேண்டும், முதலாளி தன் கையிலிருந்து 12 வீதம், 6,000 ரூபா போட வேண்டும். அதுக்கு மேல் ஊழியர் நம்பிக்கை நிதியத்துக்கு 3 வீதம், 1,500, அதுவும் அவருடைய பொறுப்புத்தான், உங்களிடம் வெட்டக் கூடாது. ஆக மாதம் 7,500 ரூபா நீங்கள் கண்ணால் காணாத சம்பளம். ஒழுங்காகக் கட்டுகிறாரா என்று தொழில் திணைக்களத்தில் கேட்கலாம். கடை, கந்தோர் ஊழியர்களுக்கென்று 1954ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று இருக்கிறது. நாளுக்கு 8 மணித்தியாலம், வாரத்துக்கு 45, அதுக்கு மேல் என்றால் ஒன்றரை மடங்கு. இதைச் சொல்லி யாரும் வீடியோ போட்டு நான் காணவில்லை, போட்டாலும் யார் பார்க்கப்போகிறார்கள்!

நான் இதை இவ்வளவு நீட்டுவதற்குக் காரணம் என் வயிற்றெரிச்சல். என் ஒப்பந்தத்தில் நான் ஊழியர் இல்லை, சுயாதீன ஒப்பந்தக்காரியாம். பிரித்தானியப் பவுணில் சம்பளம் என்றதும் வாசிக்காமல் கையெழுத்து வைத்தேன். டெங்கு வந்து ஐந்து நாள் கிடந்தேன், அந்த ஐந்து நாள் காசும் கழிந்துதான் வந்தது, "சீக்கிரம் குணமடையுங்கள்" என்ற செய்தி மட்டும் இலவசம். சேமலாப நிதி, சம்பளத்தோடு லீவு, ஒன்றும் இல்லை. வீட்டில் இருக்கிற சொகுசுக்கு நான் கொடுத்த விலை அது. தெரிந்து கொடுத்திருந்தால் இவ்வளவு எரியாது.

சொந்தத் தொழில் கூடாது என்று சொல்ல வரவில்லை. கையில் ஆறு மாதச் செலவுக்குக் காசு சேர்ந்த பிறகு எழுதுங்கள், அப்போது வேறு பதில் சொல்வேன்.

கேள்வி: செய்தி பார்ப்பதை அடியோடு நிறுத்தினால் நிம்மதி வருமா?
வாசகி, ஏறாவூர்

பதில்: எங்கள் அப்பப்பாவுக்கு இலங்கை வானொலிச் செய்தி என்றால் உயிர். மரண அறிவித்தல் வரைக்கும் கேட்பார், பிறகு டக்கென்று நிறுத்துவார், பற்றரி தேயுமாம். அந்தக் கஞ்சத்தனம்தான் அவருக்கு நிம்மதி. எங்கள் செய்திக்குத் தேய்கிற பற்றரியும் இல்லை, "இத்துடன் செய்திகள் முடிவடைகின்றன" என்று சொல்ல ஆளும் இல்லை. அடியோடு நிறுத்தாதீர்கள். 1978 சூறாவளியைக் கண்ட ஊரில் இருந்துகொண்டு கார்த்திகை, மார்கழியில் வானிலைச் செய்தி பார்க்காமல் இருப்பது புத்தியில்லை. நான் காலையில் ஒரு தரம், வேலை தொடங்க முதல் ஒரு தரம் பார்க்கிறேன். போனில் அந்த டிங் டிங் சத்தத்தை நிறுத்திவிட்டேன், அவ்வளவுதான். முதல் கிழமை கை துடித்தது உண்மை.

கேள்வி: உங்களுக்குச் சொகுசு என்றால் என்ன?
வாசகர், திருக்கோவில்

பதில்: சொன்னால் அம்மா அடிக்க வருவா, என்றாலும் சொல்கிறேன். 2022 பங்குனிக் கடைசியில் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் கரண்ட் வெட்டினார்கள் அல்லவா, அப்போது. வைஃபை செத்தது, லேப்டாப்பும் செத்தது, யாராலும் என்னைப் பிடிக்க ஏலவில்லை. பாயைத் தூக்கிக்கொண்டு நாங்கள் நாலு பேரும் கல்லடிக் கடற்கரைக்குப் போய் மணலில் படுத்தோம். அப்பா சின்ன வயதுக் கதை ஒன்று சொல்லத் தொடங்கினார், முடிவு எனக்குத் தெரியாது, அதுக்குள் நித்திரையாகிவிட்டேன். அப்படி ஒரு நித்திரை அதற்குப் பிறகு வரவேயில்லை.

அதே ஆண்டில் அப்பா மோட்டார் சைக்கிளுக்குப் பெற்றோல் அடிக்க இரண்டு நாள் வரிசையில் காய்ந்தார், மா விலையைக் கேட்டு அம்மா இடியப்பத்தை நிறுத்தினா, எனக்கும் அந்த மாதம் பாதிச் சம்பளம்தான். அதனால் அந்த இரவைச் சொகுசு என்று வெளியில் சொல்ல வாய் வருவதில்லை. அதோடு, அன்றைக்கு விடியக் கரண்ட் வந்தது என்று யாரோ கத்தியதும், பாயைக்கூட எடுக்காமல் வீட்டுக்கு ஓடிப்போய் முதலில் போனைச் சார்ஜில் போட்டதும் நான்தான்.