ஸ்டெப் வைத்த படகில் டிரான்ஸ்டியூசரை எங்கே பொருத்துவது? கேள்வி பதில்

காசிமேட்டில் படகுகளுக்கு எக்கோ சவுண்டர், அதாவது ஒலி அனுப்பித் தரையையும் மீனையும் திரையில் காட்டும் கருவி, மாட்டிக் கொடுப்பது என் தொழில். அந்த ஒலியை அனுப்பித் திரும்ப வாங்கும் உறுப்புதான் டிரான்ஸ்டியூசர். அடியில் குறுக்காகப் படி (ஸ்டெப்) வைத்த ஃபைபர் படகுகள் நம் பக்கம் குறைவுதான். ஆனால் வைத்திருப்பவர்கள் எல்லாரும் ஒரே சிக்கலில்தான் வந்து நிற்கிறார்கள். கேள்விகளைச் சுருக்கிப் போட்டிருக்கிறேன்.

கேள்வி: கோவளத்தில் தூண்டில் படகு வைத்திருக்கிறேன் அண்ணா. 24 அடி, அடியில் இரண்டு ஸ்டெப். டிரான்ஸ்டியூசர் பின்பலகையில் இருக்கிறது. நின்றால் தரை தெளிவாகத் தெரிகிறது, வேகம் எடுத்தால் திரையில் ஒன்றுமே இல்லை. கருவி போய்விட்டதா?

கருவி நன்றாகத்தான் இருக்கிறது தம்பி, மாட்டிய இடம்தான் தப்பு. வேகத்தில் அந்த ஸ்டெப் பக்கவாட்டிலிருந்து காற்றை இழுத்துப் படகின் அடியில் விடும். உரசல் குறைந்து படகு வழுக்கிக்கொண்டு ஓட வேண்டும் என்றுதான் அதை வைத்தே கட்டுகிறார்கள். அந்தக் காற்று நுரையாகப் பின்பலகை வரை வரும். உங்கள் டிரான்ஸ்டியூசர் அந்த நுரைக்குள் உட்கார்ந்திருக்கிறது.

தண்ணீரில் ஒலி நொடிக்கு ஏறக்குறைய 1,500 மீட்டர் போகும். தண்ணீரும் காற்றும் சந்திக்கும் இடத்தில் அது அப்படியே திரும்பிவிடும். பல மீன்கள் திரையில் பளிச்சென்று தெரிவதே அவற்றின் வயிற்றிலிருக்கும் காற்றுப்பையால்தான். அதே காற்று டிரான்ஸ்டியூசர் முகத்தில் வந்து நின்றால் ஒலி கீழேயே இறங்காது.

அதனால் முதல் ஸ்டெப்புக்குச் சற்று முன்னால், ஏராவுக்கு (அடியின் நடுமுதுகு) பக்கத்தில் இடம் பாருங்கள். ரொம்ப முன்னால் போகாதீர்கள். வேகத்தில் அணியம் (படகின் முன்பக்கம்) தூக்கும்போது அந்த இடம் தண்ணீரை விட்டே எழும்பிவிடும். நேர் முன்னால் நீளவாட்டு வரம்போ, தண்ணீர் உறிஞ்சும் துளையோ, துருத்திய திருகோ இருக்கக் கூடாது. ஒவ்வொன்றும் தனியாக ஒரு நுரைக்கோடு போடும்.

ஓடும்போது எனக்குத் திரை வேண்டாம், நிறுத்திப் பார்த்தால் போதும் என்பவர் பின்பலகையிலேயே விட்டுவிடலாம். செலவு மிச்சம்.

கேள்வி: அடியில் ஓட்டை போட மனம் வரவில்லை. உள்ளே ஒட்டினால் வேலை செய்யுமா?

செய்யும், அந்த இடம் கெட்டி ஃபைபராக இருந்தால். நடுவில் பிளைவுட், நுரைப்பலகை, மிதப்புக்கு அடைத்த தெர்மாகோல் எது இருந்தாலும் ஒலி அங்கேயே செத்துவிடும். திருப்புளியின் கைப்பிடியால் தட்டிப் பாருங்கள். கெட்டியான இடம் ‘டக்’ என்று இறுக்கமாகப் பேசும், உள்ளே வேறு பொருள் இருந்தால் ‘தொப்’ என்று மந்தமாகக் கேட்கும். சந்தேகம் தீராவிட்டால் படகு கட்டியவரையே கேளுங்கள்.

ஒட்டுவதற்கு முன் ஒரு சோதனை. மெல்லிய பிளாஸ்டிக் பையில் தண்ணீர் நிரப்பி, டிரான்ஸ்டியூசரை அதற்குள் விட்டு, காற்றை முழுக்க வெளியேற்றிக் கட்டுங்கள். படகின் உட்புறத்தை நனைத்து, பையை அங்கே அழுத்திப் பிடித்துக்கொண்டு ஒருவர் உட்காரட்டும், இன்னொருவர் முழு வேகத்தில் ஓட்டட்டும். இரண்டு மூன்று இடம் மாற்றிப் பாருங்கள். எந்த இடத்தில் தரைக்கோடு அறுபடாமல் வருகிறதோ அங்கே மார்க்கரால் வட்டம் போட்டுவிடுங்கள். இந்த அரை நாள் வேலையை மட்டும் தயவுசெய்து தவிர்க்காதீர்கள்.

ஒட்ட மெதுவாக இறுகும் எபாக்சிதான். சிலிக்கான் வேண்டாம், அது ஒலியைக் குடித்துவிடும். பெயிண்டைச் சுரண்டி, உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, எண்ணெய்ப் பசை போகத் துடையுங்கள். டிரான்ஸ்டியூசரை வைக்கும்போது லேசாகத் திருகி அழுத்தினால் உள்ளே மாட்டிய குமிழி ஓரமாக வெளியே வரும். ஒருமுறை மே மாத மத்தியான வெயிலில் ஒட்டினேன். கலவை சூடேறிச் சட்டென்று இறுகி, உள்ளே குமிழி நின்றுவிட்டது. இரண்டு நாள் உளியால் கொத்தி எடுத்தேன். அதிலிருந்து விடியற்காலையில்தான் ஒட்டுகிறேன்.

உள்ளே வைத்தால் ஆழத்தில் கொஞ்சம் வீச்சு குறையும், கடல் நீரின் வெப்பமும் காட்டாது.

கேள்வி: எங்கள் படகை மணலில் இழுத்து ஏற்றுகிறோம். துளையிட்டு மாட்டும் வகை சரிப்படுமா?

வேண்டாம் அண்ணே. அடியில் துருத்தும் எதையும் மணல் பெயர்த்துவிடும். பெயர்ந்தால் துளை வழியே கடல் உள்ளே வரும். உள்ளே ஒட்டுவதுதான் உங்களுக்கு.

கேள்வி: துறைமுகத்திலேயே கட்டும் படகு, துளையிடத் தயார். வெண்கலமா, பிளாஸ்டிக்கா?

ஃபைபருக்கு வெண்கலம் வாங்குங்கள். மரப்படகில் பிளாஸ்டிக் கூடவே கூடாது. மரம் ஊறிப் பருத்தால் உடைத்துவிடும். அலுமினியப் படகென்றால் வெண்கலம் அரிப்பைக் கொண்டுவரும், அங்கே ஸ்டெயின்லெஸ் ஸ்டீல். விசைப்படகுக்காரர்கள் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையிலான தடைக்காலத்தில், படகு கரையில் இருக்கும்போதே இதை முடித்துக்கொள்ளலாம்.

கேள்வி: என் படகின் அடி நல்ல V. டிரான்ஸ்டியூசர் சாய்ந்து நிற்காதா?

நிற்கும், ஒலியும் பக்கவாட்டில் போகும். அதற்காகவே உள்ளே ஒலி எழுப்பும் படிகத்தைச் சாய்த்து வைத்து விற்கிறார்கள். V-யின் சாய்வு 8 முதல் 15 டிகிரி என்றால் 12 டிகிரி வகை, 16 முதல் 24 என்றால் 20 டிகிரி வகை. ஸ்டெப் படகுகள் பெரும்பாலும் இரண்டாவதில்தான் வரும். வாங்கும் முன் அளந்துவிடுங்கள்.

கேள்வி: ஒலியின் அதிர்வெண் 50 கிலோஹெர்ட்ஸா, 200-ஆ?

இரண்டும் உள்ளதை வாங்குங்கள். பரவலாகக் கிடைக்கும் ஒரு வகையில் ஒலி கீழே போகும்போது 50-க்கு 45 டிகிரி விரியும், 200-க்கு 11 டிகிரி. 30 பாகத்தில், அதாவது ஏறக்குறைய 55 மீட்டரில், முதலாவது 45 மீட்டர் அகல வட்டத்தைப் பார்க்கும், இரண்டாவது 10 மீட்டர் சொச்சம்தான். பார், அதாவது கடலடிப் பாறைத் திட்டு, தேடும்போது 50 போடுங்கள், பார் மேல் மீன் எப்படி நிற்கிறது என்று பார்க்க 200. வஞ்சிரத்துக்குக் காற்றுப்பை கிடையாது. திரையில் மங்கலாகத்தான் வரும். மங்கல் கோட்டைத் தூசு என்று தள்ளிவிடாதீர்கள்.

கேள்வி: இன்ஜினைப் போட்டதும் திரை முழுக்கப் புள்ளி.

படகு நிற்கும்போதே, கியர் போடாமல் இன்ஜினை மட்டும் போட்டுப் பாருங்கள். அப்போதும் புள்ளி வந்தால் அது நுரை அல்ல, மின்சாரத் தொல்லை. கருவிக்கு பேட்டரியிலிருந்து ஃபியூஸுடன் நேராகத் தனி வயர் இழுங்கள். டிரான்ஸ்டியூசர் கேபிளை இன்ஜின் வயரோடும் விஎச்எஃப் ரேடியோ வயரோடும் சேர்த்துக் கட்டாதீர்கள். நீளம் மிஞ்சினால் வெட்ட வேண்டாம், சுருட்டி ஓரமாக வையுங்கள். வெட்டி ஒட்டிய கேபிளோடு வந்த படகுகளில் பாதிக்கு மேல் அந்த ஒட்டில்தான் உப்பு ஏறியிருந்தது.