பழைய கேம்களின் மறுவெளியீட்டுத் தொகுப்புகள்: வாங்கலாமா, வேண்டாமா?

கேள்வி: சிறு வயதில் டிவி கேமில் கான்ட்ரா விளையாடியவன் நான். இப்போது அதன் தொகுப்பை வாங்கினால் அந்த அனுபவம் திரும்பக் கிடைக்குமா?

பதில்: கிடைக்கும், தயங்காமல் வாங்குங்கள். கோனாமி நிறுவனம் 2019 ஜூனில் வெளியிட்ட தொகுப்பில் மொத்தம் 10 பதிப்புகள் உள்ளன. 1987இல், கடைகளில் காசு போட்டு ஆடும் ஆர்கேட் இயந்திரத்துக்காக வந்த மூலம் பட்டியலில் முன்னே நிற்பதால் பலர் அதைத் தொடங்கிவிட்டு, "இது நான் ஆடிய கேம் இல்லையே" என்று ஏமாந்துபோகிறார்கள். நம் ஊரில் பல கேம்களை ஒரே கேட்ரிட்ஜில் அடைத்து விற்றார்களே, அதில் இருந்தது 1988இல் வீட்டு இயந்திரத்துக்காக வந்த பதிப்பு. அதைத் தேடி எடுங்கள். அருவியில் ஏறும் மூன்றாம் கட்டத்தில் நண்பன் அவசரப்பட்டு மேலே தாவ, திரை நகர்ந்து, கீழே நிற்கும் உங்கள் ஆள் காரணமில்லாமல் சாவான் அல்லவா? அது அப்படியே இருக்கிறது. ஆகவே இரண்டு கன்ட்ரோலர்களோடு, பக்கத்தில் ஒருவரை உட்காரவைத்து ஆடுங்கள்.

ஒரு முக்கியமான எச்சரிக்கை உண்டு. அந்தக் காலத்துக் குழாய் டிவி, வந்த படத்தை அப்படியே காட்டியது. இன்றைய தட்டை டிவியோ படத்தை மெருகேற்றிய பிறகே காட்டுகிறது. விநாடிக்கு 60 பிரேம், அதாவது 60 தனிப்படங்கள், ஓடும் கேமில் ஆறு பிரேம் தாமதம் என்றால் விநாடியில் பத்தில் ஒரு பங்கு. குண்டு வருவதைப் பார்த்துத் தாவுகிறவருக்கு அது உயிர் போகும் இடைவெளி. டிவியின் அமைப்புகளில், அந்த மெருகேற்றலைக் குறைக்கும் 'கேம் மோட்' என்பதை இயக்கிவிட்டுத் தொடங்குங்கள். கை மந்தமாகிவிட்டது என்று வருந்துகிற பலரிடம், குறை கையில் இல்லை, டிவியில்தான் இருக்கிறது என்று நான் சொல்ல வேண்டியிருக்கிறது.

கேள்வி: சண்டை கேமான டெக்கன் 3 ஆடுவதற்காக, 20 கேம்கள் அடங்கிய பிளேஸ்டேஷன் கிளாசிக்கைப் பழைய விலைக்கு வாங்கலாமா?

பதில்: டெக்கனுக்காக என்றால் வேண்டாம். 2018இல் வந்த அந்தச் சிறு கன்சோலில் 9 கேம்கள் ஐரோப்பிய டிவி முறைக்கான 50 ஹெர்ட்ஸ் (விநாடிக்கு 50 முறை படம் மாறும்) பதிப்புகள். டெக்கன் 3 அவற்றில் ஒன்று. 60 ஹெர்ட்ஸ் பதிப்பில் பழகிய விரல்களுக்கு, அடியும் தடுப்பும் தண்ணீருக்குள் நடப்பதுபோலத் தோன்றும். எத்தனை கேம்கள் என்று அட்டைப்பெட்டி சொல்லும். எந்தப் பதிப்பு என்று பெரும்பாலும் சொல்லாது.

கேள்வி: ஜிடிஏ வரிசையின் வைஸ் சிட்டி, சான் ஆண்ட்ரியாஸ் ஆகிய கேம்களின் புதுப்பித்த தொகுப்பு மோசம் என்கிறார்களே?

பதில்: 2021 நவம்பரில் வந்தபோது உண்மையிலேயே மோசமாகத்தான் இருந்தது. மழை பெய்தால் வெள்ளைக் கோடுகள் திரையை மறைத்தன. பாத்திரங்களின் முகங்கள் மாறியிருந்தன. உரிமம் முடிந்த சில பாடல்கள் வானொலியில் இல்லை. என்னை அதிகம் வருத்தியது மூடுபனியை நீக்கியதுதான். பிளேஸ்டேஷன் 2இன் திறன் போதாததால் தூரத்தை மறைக்கப் போட்ட பனி அது. ஆனால் சான் ஆண்ட்ரியாஸை முடிவில்லாத மாநிலமாக நம்மை நம்பவைத்ததும் அதுவே. அதை எடுத்தவுடன், மலையுச்சியிலிருந்து பார்த்தால் ஊர்கள் எல்லாம் அடுத்தடுத்த தெருக்கள்போலத் தெரிந்தன. 2024 நவம்பரில் வந்த அப்டேட் பழைய வெளிச்சத்தையும் வானத்தையும் பெருமளவு மீட்டுத் தந்திருக்கிறது. எனவே இப்போது தள்ளுபடியில் கிடைத்தால் வாங்கலாம். முழு விலைக்கு வேண்டாம். மூல கேம் ஏற்கெனவே உங்கள் கணினியில் இருந்தால் அதையே ஆடுங்கள்.

கேள்வி: பழைய கேம்களைக் கணினியில் ஓட்டும் மென்பொருளான எமுலேட்டர் இலவசமாகக் கிடைக்கும்போது எதற்குக் காசு கொடுக்க வேண்டும்?

பதில்: உரிமையாளரின் அனுமதியில்லாமல் கேம் கோப்புகளைப் பரப்புவது பதிப்புரிமை மீறல் என்பது ஒருபுறம் இருக்கட்டும். நல்ல தொகுப்பில் நீங்கள் பணம் கொடுப்பது எமுலேட்டருக்காக அல்ல. டிஜிட்டல் எக்லிப்ஸ் நிறுவனம் 2022இல் உருவாக்கிய, அட்டாரி என்ற பழைய கேம் நிறுவனத்தைப் பற்றிய 'அட்டாரி 50' தொகுப்பில், காலவரிசையில் நகர்ந்துகொண்டே, கேம்களை எழுதியவர்களின் நேர்காணல்களையும் பழைய ஆவணங்களையும் பார்த்துவிட்டு, அடுத்த நொடியே அந்தக் கேமை ஆடலாம். இந்த உழைப்பை எந்த இலவசக் கோப்பும் தராது. கேம்களை வெறுமனே வரிசையாக அடுக்கிவிட்டு முழு விலை கேட்கும் தொகுப்புகளுக்கு இந்த நியாயம் பொருந்தாது.

கேள்வி: விலை குறையும்வரை காத்திருக்கலாமா?

பதில்: பெரும்பாலும் காத்திருக்கலாம், ஆனால் சில தொகுப்புகள் காத்திருப்பதில்லை. 2020 செப்டம்பரில் வந்த 'சூப்பர் மாரியோ 3டி ஆல்-ஸ்டார்ஸ்' தொகுப்பின் விற்பனையை நிண்டெண்டோ 2021 மார்ச் 31 அன்று, தான் முன்பே அறிவித்தபடி, நிறுத்திக்கொண்டது. 2022இல் 'சோனிக் ஆரிஜின்ஸ்' வருவதற்கு ஒரு மாதம் முன்பே, தனித்தனியாக விற்ற பழைய சோனிக் கேம்களை சேகா டிஜிட்டல் கடைகளிலிருந்து நீக்கியது. புதிய தொகுப்பிலோ சோனிக் 3இன் சில கட்டங்களுக்கு நாம் கேட்டுப் பழகிய இசை இல்லை. அமெரிக்காவில் 2010க்கு முன் வெளியான கேம்களில் 87 விழுக்காடு இன்று கடையில் வாங்கக் கிடைப்பதில்லை என்று வீடியோ கேம் ஹிஸ்டரி ஃபவுண்டேஷன் 2023இல் கண்டறிந்தது. எனவே மிகவும் நேசிக்கும் ஒரு கேம் நல்ல வடிவத்தில் கேட்ரிட்ஜாகவோ டிஸ்க்காகவோ வந்தால், கடையில் இருக்கும்போதே வாங்கி வைத்துவிடுங்கள்.